கல்லாயுதமும் காலமாற்றமும்

வரலாறு என்றவுடன் நம் மாணவர் மூவேந்தரையும் பாளையக்காரரையும் எண்ணுகின்றனர். சற்றே பின்னோக்கிச் செல்வோரும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு நின்றுவிடுகின்றனர். சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்லும் என்று தமிழக அரசு 2025ஆம் ஆண்டு அறிவித்தபோது நம் வட்டாரம் பெருமிதம் கொண்டது. அப்பெருமிதம் முறையானதே. ஆயினும், இம்மாநிலத்தில் மனித இனம் கல்லைச் செதுக்கி வாழ்ந்த காலத்தை ஒரு முழக் கயிறாகக் கொண்டால், அவ்விரும்பின் காலம் கயிற்றின் நுனியில் ஓர் எள்ளளவே ஆகும்.

அக்கயிற்றின் மறுமுனையை முதலில் தொட்டவர் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றில் அவர் ஒரு கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் சென்று, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தையும் கண்டறிந்தார். அவ்வூரில் 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் அகழாய்ந்தனர். விண்கதிர்களால் கல்லில் உண்டாகும் தனிமங்கள், கல் புதையுண்டபின் சிதைந்து குறையும் அளவைக் கணித்து, அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011இல் வெளியிட்டனர். அவற்றைச் செய்தோரின் எலும்பு ஒன்றேனும் அங்குக் கிடைத்திலது. நருமதைக் கரையின் ஹத்நோராவில் 1982இல் கிடைத்த மண்டையோட்டை ஒத்த சான்று தமிழகத்தில் இல்லை. ஆதலின் கல்லே நமக்கு ஏடு.

அவ்வேடு கூறும் செய்தி வியப்புக்குரியது. பல இலட்சம் ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே வடிவில் கைக்கோடரி செய்யப்பட்டது. தந்தை செய்ததையே மகன் செய்தான் என்பதன்று. பல்லாயிரம் தலைமுறைகள் அதையே செய்தன! பின்னர்ப் பெருங்கருவிகள் அருகின. மூலக்கல்லை முன்னரே பதப்படுத்தி, வேண்டிய வடிவில் சில்லு பெயர்க்கும் முறை தோன்றியது. அடிக்குமுன்பே சில்லின் உருவம் அடிப்பவன் உள்ளத்தில் இருந்தாக வேண்டும். அம்மி கொத்துவோரைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

இம்மாற்றத்தை ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன் வந்த நம்மினத்தார் கொணர்ந்தனர் என்று அறிஞர் பலர் கருதினர். 2018இல் வெளியான அத்திரம்பாக்கக் கணிப்போ அதனை 3,85,000 ஆண்டுகளுக்கு முன் கொண்டு சென்றது. மாற்றம் என்றாலே வெளியிலிருந்து ஒருவர் வந்து தந்தார் எனக் கொள்ளும் வழக்கம் இதனால் ஆட்டங்கண்டது. மாறாக, முதல் மனிதன் தமிழனே என்று முழங்குவோர்க்கும் இதில் இடமில்லை. நம்மினத்தின் மிகப் பழைய எலும்புகளுள் மொராக்கோ நாட்டு ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை ஏறத்தாழ 3,00,000 ஆண்டுகளுக்கு உட்பட்டவையே. பேச்சுப் போட்டிகளில் நாம் ஓயாது கேட்கும் புறப்பொருள் வெண்பாமாலைப் பாடலும் ஒரு மறக்குடியின் தொன்மையைப் புகழ்வதேயன்றி நிலவியல் நூலன்று. (இதனைக் கூறி நான் சில நடுவர்களின் பகையைத் தேடிக்கொண்டதுண்டு.)

நம் கரிசலுக்கு அணித்தே சான்றுகள் உள. சாயர்புரம், மெஞ்ஞானபுரம் முதலிய தேரிகளின் செம்மணலில் கிடைத்த, விரல்நகம் போன்ற நுண்கருவிகளைச் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்சினும் 1956இல் ஆராய்ந்து எழுதினர். வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்விலும் நுண்கற்கருவிகள் வெளிப்பட்டன. அதே மேட்டில் சங்கு வளையல்களும் கிடைத்தன. சக்கிமுக்கிக் கல்லைச் சில்லாக்கி மரத்திலோ எலும்பிலோ பதித்த வேட்டுவன் நின்ற இடத்திலேயே, பின்னாளில் கைவினைஞன் சங்கை அறுத்தான்.

மக்களின் நிலைவேறுபாட்டிற்கு அவர்தம் வாழ்வாதார வேறுபாடே காரணம் என்று இப்னு கல்தூன் 1377இல் தம் 'முகத்திமா'வில் வரைந்தார். குலமும் கொற்றமும் பேசிய காலத்தில் அவர் பிழைப்பைப் பேசினார். கல்லாயுதங்களை நோக்க, அவர் கண்ட நெறி அரசுகள் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்திற்கும் பொருந்துவதை உணர்கிறோம். படைப்பின் தொடக்கத்தை ஆராயத் திருமறை தூண்டுவதை அறிந்த நம் பெரியோர், இவ்வாய்வினை ஐயுற வேண்டுவதில்லை என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு, மழைக்குப்பின் ஓடைக்கரையில் எடுத்த ஒரு கற்சில்லை மாணவர் ஒருவர் வகுப்பிற்குக் கொணர்ந்து, “ஐயா, இதைச் செய்தவர் நம்மவரா?” என வினவினார். கல் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்று கேட்டேன். அவர் நினைவில் அஃதில்லை. இனி அத்தகைய கல்லைக் கண்டால் எடுக்காமல், கிடந்த நிலையிலேயே எனக்குக் காட்டுமாறு கூறியுள்ளேன்.