திருப்பரங்குன்றம் ஏன் பாதியில் அறுந்தது? போட்டோவுக்குள் இருக்கும் தகவல்களின் கதை



போன செமஸ்டர் லீவில், நம்ம போட்டோகிராஃபி கிளப்பின் பழைய ஹார்ட் டிஸ்கை ஒழுங்குபடுத்துற வேலை என் தலையில் விழுந்தது. அதில் ஒரு படம். கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் ஒன்பது பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சீனியர் எடுத்தது. ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு, அன்றைக்கு ராத்திரியே மென்பொருளில் முகம் முகமாக ஏற்றி வைத்திருந்தாராம். நான் என் லேப்டாப்பில் வேறொரு மென்பொருளில் திறந்தேன். படம் பளிச்சென்று இருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. சீனியருக்கு போன் போட்டால், "நாலு பேரோட பேர்தான்டா ஞாபகம் இருக்கு" என்றார். பெயர்களை ஏற்றிய பழைய கம்ப்யூட்டரை எப்போதோ ஃபார்மட் செய்தாயிற்று.

தாளில் போட்டோ இருந்த காலத்தில் இந்தப் பிரச்சினை குறைவு. 1858-இல் மெட்ராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்து மீனாட்சியம்மன் கோயிலையும், பாழடைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலையும் படம் எடுத்தார். அவை விளக்கக் குறிப்புகளோடு தொகுப்பாக வெளிவந்தன. எந்தப் படம் எந்த இடம் என்பது இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது. நம் பாட்டி வீட்டு ஆல்பத்திலும் போட்டோவின் பின்பக்கம் பென்சிலில் பெயர் எழுதியிருக்கும். படம் போகிற இடத்துக்குப் பெயரும் கூடவே போகும்.

டிஜிட்டல் படத்துக்குப் பின்பக்கம் எது? பார்ப்போம்.

ஒரே ஃபைல், மூன்று அறைகள்

படத்தைப் பற்றிய தகவலுக்கு மெட்டாடேட்டா என்று பெயர். எடுத்த நேரம், இடம், எடுத்தவர், படத்தில் இருப்பவர்கள், விளக்கம் எல்லாம் இதில் அடங்கும். ஒரு ஜேபெக் ஃபைலில் படத்தின் புள்ளிகளுக்கு முன்னால் இதற்கென்று தனி அறைகள் உண்டு. சிக்கல் என்னவென்றால், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் தங்கள் தேவைக்காக மூன்று அறைகளைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

முதல் அறை எக்ஸிஃப். ஜப்பானிய கேமரா தொழில்துறை 1995-இல் கொண்டு வந்தது. ஷட்டர் வேகம், லென்ஸ், எடுத்த நேரம், ஜிபிஎஸ் போன்றவற்றை கேமராவே இங்கே எழுதும்.

இரண்டாவது ஐபிடிசி. செய்தி நிறுவனங்கள் தங்களுக்குள் படம் அனுப்பிக்கொள்ள 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. தலைப்பு, விளக்கம், ஊர், எடுத்தவர் பெயர், குறிச்சொற்கள் எல்லாம் இங்கே.

மூன்றாவது எக்ஸ்எம்பி. அடோபி நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்தியது. 2012-இல் ஐஎஸ்ஓ தரமானது. எக்ஸ்எம்எல் வடிவம் என்பதால் எந்த மொழியும் எழுதலாம். புதிய புலங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரே விளக்கத்தை மூன்று அறையிலும் எழுத முடியும் இல்லையா? ஒரு மென்பொருள் மூன்றாவது அறையில் மட்டும் திருத்திவிட்டுப் போகும். இன்னொன்று இரண்டாவது அறையை மட்டும் திறந்து பார்த்து, பழைய விளக்கத்தைக் காட்டும். ரெண்டு பேருமே அவங்கவங்க கணக்குப்படி சரிதான், ஏமாறுவது நாம். இதைச் சீராக்க அடோபி, ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், கேனன் போன்ற நிறுவனங்கள் ஒன்றுகூடி 2008-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. இன்றும் எல்லா மென்பொருளும் அதை முழுதாகப் பின்பற்றுவதில்லை.

32 பைட்டில் அடங்காத ஊர்

இனி நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். ஐபிடிசி அறையில் ஊர்ப் பெயருக்கு ஒதுக்கிய இடம் 32 பைட். ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் என்பதால் அவர்களுக்கு அது தாராளம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். அதோடு, நமக்கு 'தி' என்பது ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'த' ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக இரண்டு குறியீடு. மெய்யெழுத்தின் புள்ளிக்கும் தனிக் குறியீடு உண்டு.

'மதுரை' 5 குறியீடு, 15 பைட். தப்பித்தோம். 'திருப்பரங்குன்றம்' 17 குறியீடு, அதாவது 51 பைட். 32-வது பைட்டில் வெட்டினால் கிடைப்பது 'திருப்பரங்', அதன் வாலில் உடைந்த ஓர் எழுத்து. அதே ஊரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 17 பைட். பாதி இடம் சும்மா கிடக்கும்.

இன்னொன்று பாருங்க. குறிச்சொல்லாக 'திருமலை நாயக்கர் மகால்' என்று போட்டால் இடைவெளிகள் உட்பட 62 பைட். மயிரிழையில் உள்ளே போய்விடும். 'திருமலை நாயக்கர் அரண்மனை' என்றால் 68 பைட். கடைசியில் 'அரண்ம' என்று நின்றுவிடும். சில மென்பொருள்கள் இந்த எல்லையைக் கண்டுகொள்வதில்லை, முழுதாக எழுதிவிடும். சில கறாராக வெட்டும். அதனால்தான் ஒரே படம் ஒரு இடத்தில் முழுப் பெயரோடும் இன்னொரு இடத்தில் அரைப் பெயரோடும் தெரிகிறது. எக்ஸ்எம்பி அறையில் இந்த எல்லை கிடையாது.

நீளம் சரியாக இருந்தாலும் வேறொரு வம்பு உண்டு. ஐபிடிசி அறையில் 'உள்ளே இருப்பது யூடிஎஃப்-8' என்று அறிவிக்க ஒரு சின்னப் புலம் இருக்கிறது. எழுதிய மென்பொருள் அதை நிரப்பாமல் விட்டால், படிக்கும் மென்பொருள் ஐரோப்பிய எழுத்து என்று நினைத்துக்கொள்ளும். 'மதுரை' என்ற இடத்தில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கும். அதைப் பார்த்ததும் 'தமிழ் அழிஞ்சுபோச்சு' என்று டிலீட் செய்துவிடாதீர்கள். பைட் எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். எந்த முறையில் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தால் தமிழ் திரும்பி வரும். அவசரப்பட்டு அதன் மேலேயே மறுபடி சேமித்தால்தான் ஆபத்து.

ஒரே முகம், இரண்டு கணக்கு

முகத்துக்குப் பெயர் வைக்கும்போது, அந்த முகம் படத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் மென்பொருள் ஒரு பெட்டியாகக் குறித்துக்கொள்கிறது. மேலே சொன்ன நிறுவனங்களின் குழு 2010-இல் தந்த முறையில் பெட்டியின் நடுப்புள்ளி எழுதப்படும். மைக்ரோசாஃப்டின் பழைய முறையில் இடது மேல் மூலை எழுதப்படும்.

படத்தின் மொத்த அகலம் 1 என்று வைத்துக்கொள்வோம். முகப் பெட்டியின் அகலம் 0.10, அதன் நடு 0.40-இல் இருக்கிறது. முதல் முறையில் பதிவாவது 0.40; இரண்டாவது முறையில் 0.35. முறையைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்துப் போட்டால் பெட்டி அரை முகம் நகர்ந்துவிடும். ஒன்பது பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கும் படத்தில் ஒருவர் பெயர் பக்கத்தில் இருப்பவரின் தோளில் போய் உட்காரும். பெயர் இல்லாததைவிட இது மோசம், ஏனென்றால் தப்பு என்றே யாருக்கும் தெரியாது.

ஐந்தரை மணி நேரம் எங்கே போனது?

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை விடியற்காலை 5.45-க்கு ஒருவர் போனில் போட்டோவும் வீடியோவும் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போட்டோவின் எக்ஸிஃப்பில் பதிவாவது நம் ஊர் நேரம். பல போன்களில் வீடியோ ஃபைலுக்குள் பதிவாவது கிரீன்விச் நேரம், அதாவது 00.15. இந்த வித்தியாசத்தை அறியாத மென்பொருளில் நேரப்படி அடுக்கினால், அழகர் நள்ளிரவிலேயே ஆற்றில் இறங்கிவிடுவார்! எக்ஸிஃப்பில் நேர மண்டலத்தை எழுத முறையான புலம் 2016-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய படங்களில் நேரம் இருக்கும். எந்த ஊர் நேரம் என்பது இருக்காது.

அறைக்கு வெளியே வைத்த பெயர்

எங்கள் ஒன்பது பெரியவர்களுக்கு நடந்தது இது. பல மென்பொருள்கள் நீங்கள் அடிக்கும் பெயரை போட்டோ ஃபைலுக்குள் எழுதுவதே இல்லை. தங்கள் சொந்த டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளும். அசல் படத்தைத் தொடக் கூடாது என்பது அதற்கு ஒரு நல்ல காரணம்தான். ஆனால் நீங்கள் போட்டோ ஃபோல்டரை மட்டும் காப்பி அடித்தால் பெயர்கள் அங்கேயே தங்கிவிடும்.

லைட்ரூம் கிளாசிக் தானாக ஃபைலுக்குள் எழுதாது. கன்ட்ரோல்-எஸ் அழுத்தினால்தான் எழுதும், அல்லது அமைப்பில் மாற்றிவைக்க வேண்டும். பிக்காசாவில் ஃபோல்டருக்குள் ஒரு மறைவு ஃபைலில் முகத் தகவல் இருக்கும். 2016-இல் கூகுள் பிக்காசாவை நிறுத்தியபோது, அந்த ஃபைலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு நஷ்டம். கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாக இறக்கினால், நீங்கள் அங்கே எழுதிய விளக்கம் பக்கத்தில் தனி ஜேசன் ஃபைலாக வரும். அதைக் குப்பை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

ரா படங்களுக்குப் பக்கத்தில் துணை ஃபைல் வைப்பதிலும் ஒற்றுமை இல்லை. லைட்ரூம் படத்தின் பெயரில் உள்ள விரிவை எடுத்துவிட்டு எக்ஸ்எம்பி என்று போடும். டிஜிகேமும் டார்க்டேபிளும் விரிவையும் வைத்துக்கொண்டு அதன் பின்னால் எக்ஸ்எம்பி சேர்க்கும். ரெண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் போகலாம்.

வாட்ஸ்அப் கதை உங்களுக்கே தெரியும். சாதாரணமாக அனுப்பினால் மெட்டாடேட்டா நீங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் ஃபைல் அப்படியே போகும். வீட்டு இருப்பிடம் வெளியே போகக் கூடாது என்றால் நீங்குவது நல்லதுதான். ஆவணப் படத்துக்கு அது கெடுதல்.

நீங்கள் செய்ய வேண்டியது

முதலில் ஒரே ஒரு படத்தை காப்பி எடுங்கள். அதில் தமிழில் விளக்கம், குறிச்சொல், ஒரு முகப் பெயர் ஏற்றுங்கள். உங்கள் மென்பொருளின் அமைப்பில் 'ஃபைலுக்குள் எழுது' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். பிறகு அந்தக் காப்பியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போய், வேறு கம்ப்யூட்டரில் வேறு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே தெரிவதுதான் உண்மையில் உங்களிடம் இருப்பது. ஆயிரம் படத்துக்கு உழைப்பதற்கு முன் இந்தப் பத்து நிமிஷம் போதும்.

எந்த அறையில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஃபில் ஹார்வி என்பவர் 2003 முதல் வளர்த்து வருகிறார். கமாண்ட் பிராம்ப்டில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விடையை ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு அனுப்பித் திறந்து பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. முகப் பெட்டியை மட்டும் நம்பாமல், விளக்கப் புலத்தில் 'இடமிருந்து வலம்' என்று ஆரம்பித்துப் பெயர்களை வரிசையாக எழுதிவிடுங்கள். ஐபிடிசியிலேயே விளக்கத்துக்கு 2000 பைட் இடம் உண்டு. தமிழில் அறுநூறு குறியீட்டுக்கு மேல் தாங்கும். ஒன்பது பெயர் தாராளமாக அடங்கும். பெட்டி நகர்ந்தாலும் வரிசை நகராது. யூனிகோடிலேயே அடியுங்கள், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும்.

எங்கள் படம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, நானும் இரண்டு ஜூனியர்களும் கீழக்குயில்குடிக்கு பஸ் ஏறினோம். டீக்கடையில் காட்டியதும் கூட்டம் கூடிவிட்டது. "இது எங்க சின்னையா, போன தையில தவறிட்டாரு" என்று ஒரு அக்கா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதில் ஏழு பெயர் கிடைத்தது. மீதி இரண்டு பேர் வெளியூரிலிருந்து வந்தவர்களாம், யாருக்கும் தெரியவில்லை. ஏழு பெயரையும் படத்துக்குள் எழுதி, இரண்டு மென்பொருளில் திறந்து சரிபார்த்தோம். அக்காவுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தோம். அதன் பின்பக்கம் பென்சிலில் பெயர்களையும் எழுதிக் கொடுத்தோம்.

இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் ஒரு குடும்பப் படத்தைத் திறந்து சோதித்துப் பாருங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.