நிலம் இறுகுமுன்: டிராக்டரும் ஸ்நோ புளோவரும் வைத்திருப்போருக்கு

இந்த வாரக் கடைசியில் ஒரேயொரு வேலைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், டிரைவ்வேயின் இரு ஓரங்களிலும் குச்சி நட்டுவிடுங்கள். நான்கைந்து மீட்டருக்கு ஒன்று, நெஞ்சளவு உயரம், தலைப்பில் வெளிச்சம் பட்டால் மினுங்கும் பட்டி. வளைவுகளில் இன்னும் நெருக்கமாக. டிரைவ்வேயின் அடியால் வடிகால் குழாய் போகிறது என்றால் அதன் இரு முனைகளிலும் கட்டாயம். நவம்பரில் மண் இளகியிருப்பதால் குச்சி கையாலேயே இறங்கும். டிசம்பர் நடுப்பகுதியில் அதே இடத்துக்குக் கடப்பாரை வேண்டியிருக்கும். முழங்காலளவு பனி விழுந்த இரவில் டிரைவ்வே எது, புல்தரை எது, வடிகால் எது என்பது டிராக்டரில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு வேண்டியதில்லை. அவர்களுக்குக் கையால் தள்ளும் மெசின் போதும். பாரி, ஒரில்லியா, ஷெல்பர்ன் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கரோடு வீடு வாங்கிக்கொண்டு போனவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அங்கே விழும் பனி வேறு கணக்கு. கடுங்குளிர்க் காற்று, இன்னும் சூடு ஆறாத ஹியூரன் ஏரியையும் ஜோர்ஜியன் விரிகுடாவையும் கடந்து வரும்போது நீராவியை அள்ளிக்கொண்டு வந்து, கரை ஏறியதும் குறுகிய பட்டைகளாகக் கொட்டும். ஒரு ஊரில் வெயில் அடிக்கும், அடுத்த ஊரில் நெடுஞ்சாலை மூடியிருக்கும். 2024 நவம்பர் கடைசியில் மஸ்கோக்காவின் கிரேவன்ஹர்ஸ்ட் பகுதியில் சில நாட்களுக்குள் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டியது இப்படித்தான். 1999 ஜனவரியில் ரொறன்ரோ மேயர் மெல் லாஸ்ட்மன் பனிக்காக ராணுவத்தைக் கூப்பிட்டதை வடக்கே இருப்பவர்கள் இன்றைக்கும் சிரிப்போடு சொல்வதன் காரணம், அங்கே போய் ஒரு குளிர்காலம் இருந்தால் புரியும்.

எவ்வளவு பாரம் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலமான டிரைவ்வேயில் 20 சென்டிமீட்டர் பனி என்றால் 48 கனமீட்டர். உலர்ந்த புதுப்பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலே ஏறக்குறைய 5 தொன். ஈரப்பனி என்றால் அது இரண்டு மடங்கையும் தாண்டும். கியூபெக்கில் நடந்து, 2017இல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, பனி அதிகம் கொட்டிய மறுநாள்களில் ஆண்களிடையே மாரடைப்பு கூடுவதைக் காட்டியது. தெற்காசியர்களுக்கு இதயநோய் மற்றவர்களை விட இளவயதிலேயே வருகிறது என்பதும் சேர்ந்தால், ஐம்பது தாண்டியவர் சவளோடு இறங்குவது வீரம் அல்ல. டிராக்டர் அங்கே ஆடம்பரப் பொருளும் அல்ல.

முன்னால் மாட்டுவதா, பின்னால் மாட்டுவதா

20 முதல் 25 குதிரைவலுவுள்ள சிறிய டிராக்டரே பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். புளோவரை முன்னால் மாட்டினால் வேலை கண்ணுக்கு நேரே நடக்கும். ஆனால் விலை கூட, முன் வாளியைக் கழற்ற வேண்டிவரும். பின்னால், மூன்று கொக்கிகளில் மாட்டும் வகை மலிவு, கட்டமைப்பு எளிது, வாளியும் முன்னால் அப்படியே இருக்கும். ஆனால் முழு டிரைவ்வேயையும் பின்னோக்கி ஓட்டியே துடைக்க வேண்டும். கழுத்து வலி உள்ளவர்கள் பின்வகையை வாங்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். பனிக்காலத்தில் நாலைந்து முறைதான் மெசினை இறக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பின்வகை நியாயம்.

இரண்டிலும் வேலை ஒரே மாதிரி. முன்னாலுள்ள திருகு பனியைக் கொத்தி நடுவுக்குக் கொண்டுவரும். உள்ளேயுள்ள விசிறி அதை வாங்கிக் குழல் வழியாக வீசும். கியூபெக்கின் ஆர்தர் சிகார் 1925இல் முதல் வண்டியைக் கட்டியபோது, தானியம் பிரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் யோசனை வந்தது என்று சொல்வார்கள். களத்தில் வைக்கோலை வீசும் மெசினைப் பார்த்தவர்களுக்கு அது நம்பக்கூடியதாகத்தான் இருக்கும்.

புளோவரை முன்னால் மாட்டினால் பின்சக்கரத்தில் பாரம் குறையும். பின்னால் கல்லோ மணலோ நிரப்பிய எடைப்பெட்டி மாட்டாமல் இறங்க வேண்டாம். பின்சக்கரங்களுக்குச் சங்கிலியையும் இப்போதே போட்டுப் பாருங்கள். சிறிய டிராக்டர்களில் சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவே இடைவெளி குறைவு. உரசுகிறதா என்பதை வெயிலில் நின்று பார்ப்பது நல்லது. சங்கிலி, பதித்த கற்களையும் தாரையும் கீறும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் சரிவான டிரைவ்வேயில் வேறு வழியில்லை. சரிவில் இறங்கும்போது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டே வைத்திருங்கள். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரத்தில் மட்டுமே பிடிக்கும். முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்துப் பிடிக்க வேண்டுமென்றால் நான்கு சக்கர இயக்கம் வேண்டும். இருக்கைப் பட்டியும், மடக்கிய பாதுகாப்புக் கம்பியை நிமிர்த்துவதும் கோடைக்கு மட்டும் சொன்னவை அல்ல.

சரளைக் கல்லில் முதல் பனியைத் தொடாதீர்கள்

புதிதாக மெசின் வாங்கியவர்களால் பொறுக்க முடியாத அறிவுரை இதுதான். சரளைக்கல் டிரைவ்வே இன்னும் உறையாமல் இருக்கும்போது விழும் முதல் இரண்டு மூன்று பனிகளைப் புளோவரால் எடுக்க வேண்டாம். காரை ஓட்டியோ டிராக்டரையே மேலும் கீழும் ஓட்டியோ அமுக்கிவிடுங்கள். அது இரவில் உறைந்து கல்லின் மேல் ஒரு கட்டித் தளம் ஆகிவிடும். பிறகு வருகிற பனியை அந்தத் தளத்தின் மேலிருந்து எடுக்கலாம். பொறுக்காமல் இறங்கினால் கல் திருகுக்குள் ஏறும். விசிறி அதை எங்கே அனுப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டு ஜன்னல், நிறுத்திய கார், வாசலில் நிற்கும் பிள்ளை எல்லாம் அந்த வீச்சுக்குள் இருக்கலாம். வசந்தத்தில் புல்தரையிலிருந்து சரளையை வாரி எடுப்பது வேறு வேலை.

புளோவரின் இரு பக்கமும் தரையில் வழுக்கும் இரும்புப் பாதங்கள் இருக்கும். சரளையில் அவற்றை இறக்கி, வெட்டும் விளிம்பு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வையுங்கள். தார் அல்லது காங்கிரீட் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் போதும். இரு பக்கமும் ஒரே அளவா என்று மட்டமான தரையில் பாருங்கள்.

அதே நேரத்தில் ஓரங்களையும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். தோட்டக் குழாய், கால்மிதி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், தீபாவளிக்குப் போட்டு கிறிஸ்மஸ் வரை விட்டுவைக்கும் விளக்கு வயர். பனிக்கடியில் உறைந்த இலவசப் பத்திரிகைக் கட்டு பார்க்கச் சாதுவானது. திருகை அதைப் போல நிறுத்துவது வேறில்லை.

டீசல், பற்றரி, போல்ட்

கோடையில் வாங்கிக் கலனில் மிச்சம் வைத்த டீசலை இப்போதே ஓடித் தீர்த்துவிடுங்கள். கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர்கால டீசலால் தாங்கியை நிரப்புங்கள். உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்தை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். திரண்ட பின் ஊற்றினால் பயன் குறைவு. -18 பாகையில் பற்றரியின் இழுவை ஏறக்குறைய பாதியாகிவிடும். பழைய பற்றரி அந்த ஒரு காலையில்தான் காலை வாரும். எஞ்சினுக்கு புளொக் ஹீட்டர் இருந்தால் புறப்பட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே மின்சாரத்தில் போடுங்கள். ஸ்டார்ட் ஆகவில்லையென்று ஈதர் புகையை அடிப்பது, குளோ பிளக் உள்ள எஞ்சினில் வெடிப்பில் முடியும். ஓடத் தொடங்கிய பின் பத்து நிமிடமாவது சும்மா ஓட விடுங்கள். குளிரில் தடித்த ஹைட்ராலிக் எண்ணெய் இளக வேண்டும். ஆனால் கராஜுக்குள் வைத்து அல்ல. கதவு திறந்திருந்தாலும் புகை வீட்டுக்குள் வரும்.

திருகைத் தண்டோடு பிணைக்கும் ஷியர் போல்ட் உடைவதற்கென்றே செய்தது. கல்லோ கட்டையோ மாட்டினால் அது முறிந்து கியர்பெட்டியைக் காப்பாற்றும். கையிருப்பில் அரை டஜன் வையுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கடை திறந்திருக்காது. அவசரத்துக்கு இரும்புக்கடையிலிருந்து வலுவான போல்ட் எடுத்துப் போட்டால் அடுத்த தடவை உடைவது கியர்பெட்டி.

ஓட்டும்போது

எஞ்சினைப் பி.டி.ஓ. (புளோவரைச் சுழற்றும் தண்டு) குறி வரைக்கும் ஏற்றி, அங்கேயே வைத்திருங்கள். பின்பக்கத் தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்பது. பனி கூடும்போது குறைக்க வேண்டியது சக்கரத்தின் வேகத்தை, எஞ்சினுடையதை அல்ல. பலர் தலைகீழாகச் செய்து குழலை அடைத்துக்கொள்கிறார்கள். காற்று வீசும் திசையிலேயே பனியை வீசுங்கள். எதிர்த்து வீசினால் முகத்துக்கே திரும்பும். முதல் மாதத்தில் டிரைவ்வேயை விட இரு பக்கமும் ஒரு மீட்டர் அகலமாகத் துடையுங்கள். ஓரங்கள் பெப்ரவரிக்குள் உள்ளே நெருங்கி வரும், அப்போது அந்த மீட்டர் வேண்டும்.

தெரு முனையில் இன்னொன்று. நகரசபையின் பனிவாரி தன் வலப்பக்கம் பனியை ஒதுக்கிக்கொண்டு போகும். உங்கள் வாசலைக் கடக்கும்போது அங்கே ஒரு வரம்பு கட்டிவிட்டே போகும். வீட்டிலிருந்து தெருவைப் பார்த்து நின்றால் அது வருவது இடப்பக்கத்திலிருந்து. ஆகவே வாசலுக்கு இடப்பக்கம், தெருவோரமாக, இரண்டு கார் நீளத்துக்குப் பனியை முன்கூட்டியே துடைத்துக் குழியாக்கி வையுங்கள். பனிவாரி சுமப்பதில் பெரும்பங்கு அந்தக் குழிக்குள் விழுந்துவிடும். உங்கள் பனியை வலப்பக்கம் குவியுங்கள். எஞ்சுகிற வரம்பை உறையுமுன் எடுங்கள். உப்பும் ஐஸ்கட்டியும் கலந்த அது ஓர் இரவு கிடந்தால் திருகு ஏறாது. அதைத் தெருவின் மறுபக்கம் வீசுவது சுலபம்தான், சட்டம் விடாது. சாலையை நிர்வகிப்பவரின் எழுத்து அனுமதி இல்லாமல் சாலையில் பனியோ ஐஸோ போடக்கூடாது என்று ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181ஆம் பிரிவு சொல்கிறது.

வீசுமிடத்தையும் முன்பே தீர்மானியுங்கள். எரிவாயு மீட்டர், வீட்டுச் சூடாக்கியின் காற்றுக்குழாய், தீயணைப்புக் குழாய் இவற்றின் பக்கம் குழலைத் திருப்ப வேண்டாம். காற்றுக்குழாய் மூடினால் நச்சுவாயு வீட்டுக்குள் தங்கும். மலக்கழிவுத் தொட்டியின் வடிகால் நிலத்தில் டிராக்டரை ஏற்றவும் வேண்டாம், அங்குள்ள பனியை எடுக்கவும் வேண்டாம். இளகிக் கிடக்கும் பனிதான் அந்தக் குழாய்களுக்குப் போர்வை. அமுங்கினால் உறைபனி கீழே இறங்கும்.

கை

பூச்சியத்தை ஒட்டிய வெப்பத்தில் விழும் ஈரப்பனி குழலை அடைக்கும். அடைப்பைத் தள்ளக் கையுறையோடு ஒரு கை போகும். விரல் போவது இப்படித்தான், மெசின் புதிதா பழையதா என்பது பொருட்டே இல்லை. பி.டி.ஓ.வை நிறுத்துங்கள், எஞ்சினை அணையுங்கள், சாவியை எடுத்துப் பையில் போடுங்கள், எல்லாம் அசைவற்று நிற்கும்வரை இறங்காதீர்கள். பிறகும் கை வேண்டாம். மெசினோடு வரும் குச்சி, இல்லையென்றால் விளக்குமாற்றுக் கட்டை. அடைப்பு விடுபடும் கணத்தில் இறுக்கத்திலிருந்த விசிறி எஞ்சின் இல்லாமலே கால் சுற்றுச் சுற்றக்கூடும். இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்சை வயரால் கட்டி ஏமாற்றி வைத்திருப்பவர்களை அறிவேன். அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள். குழலின் உட்பக்கம் சிலிக்கோன் ஸ்பிரே அடித்து வைத்தால் அடைப்பு குறையும்.

தொங்கும் சால்வை, ஜாக்கெட் நாடா எதுவும் சுழலும் தண்டுக்கு அருகில் போகக் கூடாது. பிள்ளைகள் வீட்டுக்குள். பனிக்குவியலில் குகை தோண்டி உள்ளே இருக்கும் பிள்ளை டிராக்டரிலிருந்து தெரியாது. ஆகவே எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு, பதில் வந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். காற்றுக்குளிர் -28க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையும். கூரையில்லா டிராக்டரில் அந்நாளில் இடையிடையே உள்ளே போய் வாருங்கள்.

முடித்ததும் புளோவரை ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு உள்ளிருக்கும் பனியை வெளியேற்றுங்கள். பிறகு மரப்பலகையின் மேல் இறக்கி வையுங்கள். ஈரத்தோடு தரையில் விட்டால் விசிறியும் விளிம்பும் உறைந்துவிடும். மறுநாள் காலை பி.டி.ஓ.வைப் போட்டவுடன் போல்ட் முறியும் சத்தம்தான் கேட்கும்.

அக்கம்பக்கத்து டிரைவ்வேகளைக் காசுக்குத் துடைக்க நினைப்பவர்கள் முதலில் காப்புறுதி முகவரைக் கூப்பிடுங்கள். வீட்டுக் காப்புறுதி தொழிலுக்குப் பொதுவாகப் பொருந்தாது. பனியிலோ ஐஸிலோ வழுக்கி விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று 2021 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோ சட்டம் சொல்கிறது. அந்த அறிவித்தல் வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல, பனி எடுக்க ஒப்பந்தம் எடுத்தவருக்கும் வரலாம். எந்த நாள், எத்தனை மணி, உப்புப் போட்டீர்களா என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பதை முதல் வாடிக்கையாளரிலிருந்தே தொடங்குங்கள்.