இழைப்புளி: எதை வைத்துக்கொள்வது, எப்படித் தீட்டுவது?

தாத்தா காலத்து மரப்பெட்டியில் நாலைந்து இழைப்புளிகள் கிடக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. துருவைப் பார்த்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கவும் உட்காராதீர்கள். எது தேறும் என்று பிரித்துவிட்டு, பிறகு தீட்டலாம்.

1. இரும்பு இழைப்புளியின் உடம்பு வார்ப்பிரும்பு. கீழே விழுந்தால் வளையாது, விரிசல் விடும். பிளேடு எட்டிப்பார்க்கும் வாயின் இரண்டு ஓரங்களிலும், பக்கச் சுவர் அடிப்பாகத்தோடு சேரும் இடத்திலும் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து, சற்று நேரத்தில் கோடாகக் காட்டிக்கொடுக்கும். அப்படி இருந்தால், திருகுகளுக்கும் கைப்பிடிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. பிளேடைக் கழற்றி, தட்டையான பின்பக்கத்தைப் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. கூர்முனைக்கு அருகில் துரு குழி பறித்திருந்தால்தான் சிக்கல்: தீட்டத் தீட்டக் குழி முனைக்கு வந்து, கூர் பல்பல்லாகிவிடும். அந்தப் பகுதியைச் சாணை பிடித்துத் தாண்டும் அளவுக்கு நீளம் மிச்சம் இல்லையென்றால் பிளேடை மாற்றுவதே நல்லது. உடம்பு நன்றாக இருந்தால் அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

3. உடம்பில் உள்ள எண்ணைப் படியுங்கள். லியோனார்ட் பெய்லியின் தொழிலை 1869-இல் வாங்கிய ஸ்டான்லி நிறுவனத்தின் வரிசையைத்தான் மற்றவர்களும் பின்பற்றினார்கள். இங்கிலாந்தின் ரெக்கார்ட் முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்தது: 04, 05. நாலாம் எண் சுமார் 9 அங்குலம், கடைசி மெருகுக்கு. ஐந்தாம் எண் 14 அங்குலம், கரடுமுரடைச் சீவ. ஏழாம் எண் 22 அங்குலம், பலகை ஓரங்களை நேராக்க. வீட்டு வேலைக்கு நாலும் ஐந்தும் போதும் என்பேன்.

4. மர இழைப்புளியில் ஆப்பு இறுகி உட்காருகிறதா, பூச்சி அரித்திருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பை நெம்பி எடுக்காதீர்கள். உடம்பின் பின்தலையில் மரச்சுத்தியலால் தட்டினால் தானே தளரும்.

5. அடிப்பாகம் முழுக்கக் கண்ணாடிபோல் சமமாக இருக்கத் தேவையில்லை. பிளேடை உள்ளே இழுத்து, இறுக்கிய நிலையிலேயே, பென்சிலால் கோடு கிறுக்கி, தடித்த கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் தேயுங்கள். முன்நுனி, வாயின் முன்னும் பின்னும், பின்நுனி ஆகிய இடங்களில் கோடு அழிந்தால் போதும். இடையில் கொஞ்சம் பள்ளம் இருந்தால் வேலை கெடாது.

6. தீட்டுவதைப் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். முனையை ஒட்டி அரை அங்குலம், முழு அகலத்துக்கும் முகம் தெரியும்வரை தேயுங்கள். பிறகு சரிவுப் பக்கம். கோணமானி வேண்டாம்: சரிவின் நீளம் பிளேடின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் 30 டிகிரி. இரண்டே கால் மடங்குக்குச் சற்று அதிகம் என்றால் 25. சாணைச் சக்கரத்தில் 25 பிடித்து, கூர்முனையை மட்டும் கல்லில் 30-க்குத் தீட்டினால் வேலை சீக்கிரம் முடியும். கல் இல்லையா? கண்ணாடி மேல் 400, 1000, 2000 எண் எமரித் தாள்களை வரிசையாக வைத்து, பிளேடைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னே தள்ளினால் தாள் கிழியும். பின்பக்கத்தில் விரலை முனையை நோக்கி வருடுங்கள், முனை நெடுகத் தடவாதீர்கள். ஒரு ஓரம் முதல் மறு ஓரம்வரை மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால்தான் அடுத்த எண்ணுக்குப் போகலாம். கடைசியில் புரட்டிப் போட்டு, தட்டையாக வைத்து, பிசிறை எடுத்துவிடுங்கள்.

7. சக்கரத்தில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள். பழைய கார்பன் எஃகு முனை நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது. நீலம் போகும்வரை மெதுவாகத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை.

8. தீட்டிய கூர்முனையை விளக்கடியில் நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடாக மின்னினால் அங்கே இன்னும் மழுங்கல்.

9. பிளேடின் மேல்தகட்டைப் பொருத்தி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஒளி தெரிந்தால் சீவல் அங்கே நுழைந்து அடைத்துக்கொள்ளும். தகட்டின் விளிம்பைத் தேய்த்துச் சேருங்கள். மெல்லிய சீவலுக்கு, தகடு கூரிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முரட்டு வேலைக்கு ஒன்றரை.

10. அடிப்பாகத்தில் மெழுகுவர்த்தியால் இரண்டு கோடு இழுத்துவிட்டுத் தள்ளிப் பாருங்கள், கை எவ்வளவு லேசாகப் போகிறது என்று தெரியும்.

11. கடலோர ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், பிசுக்கேறிவிடும்.