சூப்பர்வைசர் கார்டு வாங்குமுன்

திண்டுக்கல்

அன்பு மருமகனுக்கு,

மில்லில் ஸ்விட்சை மாற்றும் பொறுப்பு உன் கைக்கு வந்திருப்பதாக அக்கா போனில் சொன்னாள். சிஸ்கோ 4506-இ சேசிஸ். புது சூப்பர்வைசர் கார்டு ஒன்று போட்டால் போதும் என்று கொட்டேஷன் வந்திருக்கிறதாமே. கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடு.

பத்து வருஷத்துக்கு முன் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் இதே மாடல் பெட்டிக்கு நான் சூப்பர்வைசர் 7-இ போட்டேன். ஸ்லாட்டுக்கு 48 ஜிகாபிட் கொடுக்கும் கார்டு. ஆயுத பூஜை லீவில் மாற்றினோம். மில் ஓடத் தொடங்கியபின் பார்த்தால் வேகம் துளியும் கூடவில்லை. லைன் கார்டு ஐந்தும் பழைய 4548. முன்பக்கம் 48 ஜிகாபிட் போர்ட் இருக்கும். பின்பக்கம் ஸ்லாட்டோடு பேசுவது 6 ஜிகாபிட்டில்தான். எட்டுப் போர்ட் ஒரு ஜிகாபிட்டைப் பங்கு போட வேண்டும். எந்த சூப்பர்வைசர் வந்தாலும் அந்த 6 மாறாது. 4648 என்றால் 24, 4748 என்றால் 48. அதை முதலிலேயே பார்க்காதது என் தப்பு. நீ 'ஷோ மாட்யூல்' அடித்து, கார்டு எண்களை ஒவ்வொன்றாக நோட்டில் எழுது.

பிறகு ஃபைபர். கேபிள் உறையில் அச்சடித்திருப்பதை டார்ச் அடித்துப் படி. 62.5/125 என்றிருந்தால் அது பழைய ஓஎம்1. ஒரு ஜிகாபிட்டை 275 மீட்டர் கொண்டுபோகும். அதே இழையில் 10 ஜிகாபிட் எஸ்ஆர் மாட்யூல் போட்டால் 33 மீட்டரோடு சரி. ஆபீஸிலிருந்து ஸ்பின்னிங் ஷெட் வரை ஒருமுறை நடந்து பார், புரியும். புதிதாக இழுப்பதென்றால் சிங்கிள் மோடாகவே இழு. எல்ஆர் மாட்யூலில் 10 கிலோமீட்டர் போகும்.

கேமராவுக்கு பிஓஇ, அதாவது நெட்வொர்க் கேபிள் வழியே மின்சாரம், கேட்பார்கள். போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 48 போர்ட்டுக்கு 1440 வாட். பவர் சப்ளையும் யுபிஎஸ்ஸும் தாங்குமா பார்.

ஃபேன் ட்ரேயையும் உருவிப் பார்த்துவிடு. அந்த மில்லில் நான் உருவியபோது இறக்கைகளில் பஞ்சு விளக்குத்திரிபோல் முறுக்கிக் கிடந்தது. நம் ஊர் வெயிலில் அது போதும், கார்டு சூடேறிச் சாக.

என் முடிவைக் கேட்டால், அந்தக் கொட்டேஷன் வேண்டாம். 4500 வரிசையின் விற்பனையை சிஸ்கோ நிறுத்திவிட்டது; இனி கிடைப்பது மிச்சச் சரக்கோ பழைய சரக்கோதான். 4506-இல் சூப்பர்வைசருக்கு இடமும் ஒன்றே; அது போனால் மில் முழுக்க இருட்டு. 2017-இல் வந்த 9400 வரிசையில் இரண்டு சூப்பர்வைசர் வைக்கலாம், ஆனால் உன் பழைய கார்டு எதுவும் அதில் நுழையாது. ஆகவே இந்த வருஷம் ஃபைபரை மட்டும் இழு. எந்தச் சேசிஸ் வந்தாலும் அது வீண் போகாது. மிச்சக் காசை அடுத்த வருஷப் புதுப் பெட்டிக்கு ஒதுக்கச் சொல்லி முதலாளியிடம் பேசு.

கேபிள் உறையின் எழுத்தை போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு.

உன் மாமா