நாயின் முட்டுச் சிரட்டை



அறிவியல் பாடத்தில் முழங்கால் சில்லு என்று ஒரு எலும்பு படித்தோம் அல்லவா? நம்ம ஊர்ல அதை முட்டுச் சிரட்டைன்னு சொல்லுவோம். அது நாய்க்கும் உண்டு, பின்னங்காலில். எங்க வீட்டு மணியால்தான் (பொமரேனியன், வயது 3) எனக்கு இது தெரிந்தது.

மணி ஓடும்போது திடீர்னு ஒரு பின்னங்காலைத் தூக்கிட்டு மூணு காலில் நாலு எட்டு போவான். அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடுவான். "முள்ளு குத்தியிருக்கும்"னு அம்மா சொன்னா. பார்த்தால் முள் இல்லை. கால்நடை டாக்டர் முட்டைத் தடவிப் பார்த்து, சிரட்டை விலகுது என்றார்.

தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. சிரட்டை அந்தப் பள்ளத்தில்தான் மேலும் கீழும் வழுக்கும். மேலே தொடைத் தசை அதைப் பிடித்திருக்கிறது. கீழே ஒரு தசைநார் அதைக் கால் எலும்பின் முன்மேட்டோடு கட்டியிருக்கிறது. தசை, சிரட்டை, மேடு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கால் சரியாக நீளும். பொமரேனியன், பக் மாதிரி சின்ன ஜாதி நாய்களில் பள்ளம் ஆழமில்லாமலும் மேடு உள்பக்கம் தள்ளியும் இருப்பது உண்டு. அப்போது சிரட்டை உள்பக்கமாக விலகும். இதை 4 நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் கையால் தள்ளினால் விலகும், விட்டால் தானே திரும்பும். நான்காவதில் விலகியே கிடக்கும், தள்ளினாலும் வராது. முதல் நிலைக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் வேண்டாம். மணிக்கு மூன்றாவது.

ஆபரேஷனில் பள்ளத்தை ஆழமாக்கினார்கள். மேட்டை வெட்டி, நேர்கோட்டுக்கு நகர்த்தி, கம்பி அடித்தார்கள். எலும்பு ஒட்ட 6 முதல் 8 வாரம் ஆகும், குதிக்க விடக்கூடாது, வார் போட்டுத்தான் நடத்தணும்னு டாக்டர் சொல்லியிருந்தார்.

மூணாவது வாரம் அவன் நல்லா நடந்தான். பாவமா இருக்குன்னு நான்தான் அவுத்து விட்டேன். அப்பா பால்வெட்டு முடிஞ்சு பைக்கில் வந்த சத்தம் கேட்டு திண்ணையிலிருந்து குதிச்சான். ஒரே அலறல். அப்புறம் காலை ஊன்றவே இல்லை.

எக்ஸ்ரேயில் பார்த்தால் ஒட்டாத மேடு பிய்ந்து, கம்பி வளைந்து கிடந்தது. தொடைத் தசை சும்மா இருக்குமா? மேட்டையும் சிரட்டையையும் சேர்த்து மேலே இழுத்துவிட்டது. சிரட்டை பள்ளத்துக்கு மேலே ஏறி நின்றது. சிரட்டையின் நீளத்தைப் போல தசைநார் சுமார் 2 மடங்குக்கு மேல் நீண்டால் சிரட்டை உயரத்தில் இருக்கிறது என்று கணக்கு. ஆனா மணிக்கு நார் நீளவில்லை, நார் கட்டியிருந்த மேடுதான் மேலே போச்சு. அளந்து மட்டும் பார்த்திருந்தா சரியாத்தான் இருக்குன்னு நினைச்சிருப்போம்! உயரத்தில் நிற்கும் சிரட்டைக்குப் பள்ளத்தின் சுவர் பிடிப்புத் தராது, அதனால் மறுபடி விலகும்.

ரெண்டாவது ஆபரேஷனில் கம்பியோடு வயரும் சுற்றிக் கட்டினார்கள். இதுபோக புண் பழுப்பது, நீர் கோர்ப்பது, கம்பி நகர்ந்து தோலுக்கடியில் முட்டுவது, சிரட்டை மறுபடி விலகுவது எல்லாம் வரலாம். பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானமும் உண்டு.

உங்க வீட்டு நாய் அடிக்கடி காலைத் தூக்கி ஓடினால் முள்ளை மட்டும் தேடாதீங்க. இந்தக் குறை பரம்பரையாக வருவதால் அந்த நாயைக் குட்டி போட விடவும் கூடாது.

மணி இப்போ நாலு காலிலும் நடக்கிறான், லேசா ஒரு நொண்டல் உண்டு. திண்ணைப் படியில் அப்பா பலகை அடித்து வச்சிருக்கு. சாயங்காலம் நான்தான் அவனைத் தூக்கி இறக்குவேன்.