நூல் கடிக்கும் பல்லும் ஒரு மணி நேரச் சிகிச்சையும்

ராஜபாளையத்தை ஒட்டிய தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கிறார்கள். பீஸ் கணக்கில் கூலி என்பதால், ஒரு தையல் ஓடி முடிந்ததும் தொங்குகிற நூலை வெட்டக் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இல்லை. துணியை வாயருகே கொண்டுபோய் முன்பல்லால் வெடுக்கென்று ஒரு கடி, அடுத்த பீஸ். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நூல் உரசினால் மேல்வரிசை முன்பல்லின் நுனியில் சின்னதாகப் பள்ளம் விழும். பிறகு ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது அந்த ஓரம் தெறித்துப்போகும்.

இங்கே தையல் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆனது. வலி இல்லை, பச்சைத் தண்ணீர் குடித்தால் லேசான கூச்சம் மட்டும். ஆனால் தங்கை கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடியபடியே நிற்கிறார். முதலில் போன பல் ஆஸ்பத்திரியில் கேப் போடச் சொன்னார்கள். கேப் மாட்ட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும் என்று கேட்டதும் பயந்து வந்துவிட்டார். இரண்டாவது டாக்டர், "ஓரம்தானே போயிருக்கு, பல்லு நிறத்துலயே வச்சு ஒட்டிடலாம்மா" என்றார். ஊசி இல்லாமல், ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது.

இதைத்தான் பாண்டிங் என்கிறார்கள். வைக்கப்படும் பொருள் காம்போசிட், அதாவது ரெசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த பசை. இதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த மைக்கேல் பியூனோகோர். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க முதலில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதைக் கவனித்த அவர், அதையே பல் எனாமலில் செய்து பார்த்து 1955-இல் முடிவை வெளியிட்டார். பசைக்கான ரெசினை உருவாக்கியவர் ராஃபேல் போவன். அதற்கு 1962-இல் காப்புரிமை கிடைத்தது. நம் பக்கத்துக் கிளினிக்குகளில் இன்று நடப்பதும் அவர்கள் இருவரும் போட்ட பாதைதான்.

இக்கட்டுரையாளரின் முன்பல் ஒன்றும் அப்படி ஒட்டப்பட்டதே என்பதால், நாற்காலியில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். முதல் வேலை நிறம் பார்ப்பது. ஷேட் கார்டைப் பல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கும்போது பல் ஈரமாக இருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி நேரமானால் பல் காய்ந்து வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்புக்குப் பொருத்தமாக வைத்தால் மறுநாள் ஒட்டிய இடம் மட்டும் தனியாகப் பளிச்சிடும். அடுத்து, நீல நிற ஜெல் ஒன்றைத் தடவுகிறார்கள். அதுதான் அமிலம், சுமார் 37 சதவீதம். அரை நிமிடத்துக்குள் கழுவிக் காயவைத்தால் அந்த இடம் மட்டும் பளபளப்பு போய்ச் சாக்பீஸ் வெள்ளையாகத் தெரியும். கொத்திவிட்ட சுவரில் பூச்சு பிடிப்பதுபோல, அந்தச் சொரசொரப்பில்தான் பசை வேர் பிடிக்கிறது. பிறகு காம்போசிட்டைச் சுமார் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளியில் சில விநாடிகள் இறுக வைக்கிறார்கள். கடைசியில் பாலிஷ்.

இதில் கெடுதல் செய்வது எச்சில். அமிலம் போட்ட இடத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் பிடிப்பு குறையும். ரப்பர் ஷீட் மாட்டியோ, பஞ்சை அடிக்கடி மாற்றியோ ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளும் டாக்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். வேலை முடிந்ததும் கலர் பேப்பரைக் கடிக்கச் சொல்வார்கள். எங்காவது முட்டுவதுபோல் இருந்தால், கூச்சப்படாமல் அங்கேயே சொல்ல வேண்டும். உயரமாக நிற்கும் ஓரம்தான் முதலில் உடையும்.

தளவாய்புரத்துப் பெண்ணுக்கு வைத்தது சில மாதங்களில் கழன்றுவிட்டது. டாக்டர் மீதும் குறையில்லை, பொருள் மீதும் குறையில்லை; அவர் மறுபடியும் நூலைக் கடித்திருக்கிறார். இரண்டாம் தடவை ஒட்டியபிறகு தையல் மெஷின் ஓரத்திலேயே சின்ன நூல்வெட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். ஒட்டியது இன்றும் நிற்கிறது. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள், சோடா மூடியைப் பல்லால் திறப்பவர்கள், கரும்பை முன்பல்லால் உரிப்பவர்கள் யாராக இருந்தாலும் காரணத்தை நிறுத்தாமல் ஒட்டினால் பணம்தான் வீண். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள் நைட் கார்டு, அதாவது இரவில் பல்லில் மாட்டிக்கொள்ளும் உறை பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கதை வேறு. ரத வீதிப் பக்கம் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பள்ளிச் சிறுவனுக்கு முன்பல் பாதியாக உடைந்தது. கூட இருந்தவர் சமயோசிதமாக அந்தத் துண்டைப் பொறுக்கி, டீக்கடையில் காய்ச்சாத பால் வாங்கி அதில் போட்டுக் கொண்டுபோனார். டாக்டர் அவன் துண்டையே அவன் பல்லில் ஒட்டிவிட்டார். நிறமும் பொருந்தியது, வடிவமும் பொருந்தியது. துண்டாக இல்லாமல் நிரந்தரப் பல் வேரோடு விழுந்துவிட்டாலும் இதே பால்தான் உதவும். வேரைத் தொடாமல், தேய்க்காமல், மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் டாக்டரிடம் சேர்க்கப் பாருங்கள். பால் பல் என்றால் திரும்ப வைக்க மாட்டார்கள். 2019-இல் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் ஒரு டம்ளர் பாலுக்குப் பஞ்சம் வராது.

அந்தப் பால்கோவா பற்றியும் ஒரு வார்த்தை. காம்போசிட் சொத்தையாகாது, ஆனால் அது பல்லோடு சேரும் விளிம்பில் இனிப்பு தங்கினால் பல் சொத்தையாகும், ஒட்டியது பெயரும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தாலே பாதித் தொல்லை தீரும். டீ, காபி, வெற்றிலை, புகையிலை எல்லாம் ஒட்டிய இடத்தை மஞ்சளாக்கும். முதல் இரண்டு நாள் இவற்றை அறவே தவிர்ப்பது நல்லது. சிவப்புப் பல்பொடியும் கரியும் பாலிஷைத் தேய்த்துவிடும். பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் முடித்து, இரண்டு வாரம் விட்டுத்தான் பாண்டிங் செய்ய வேண்டும். காம்போசிட் பிறகு வெளுக்காது. வெளுத்தவுடனே ஒட்டினாலும் சரியாகப் பிடிக்காது.

எத்தனை வருடம் தாங்கும்? பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம் என்று எதிர்பார்க்கலாம், கடிவிளிம்பில் அதற்கு முன்பே தேயலாம். ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் மேலே வைத்துச் சரிசெய்துகொள்ள முடியும். கேப்புக்காக ராவிய எனாமல் திரும்ப வளராது. வேர் சிகிச்சை செய்த பல், பாதிக்கு மேல் போன பல் என்றால் கேப் நியாயமானதுதான். ஓரம் மட்டும் உடைந்த நல்ல பல்லுக்கு அது அதிகப்படி.

அதனால் முன்பல் ஓரத்துக்குக் கேப் என்று யாராவது சொன்னால், "காம்போசிட்ல முடியாதா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் மதுரை போகிற ரயிலில் ஏறுங்கள். அங்கே பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ராவுவதற்கு முன் இன்னொரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.