ஓடிப்போன வேகத்தைப் பிடிப்பது எப்படி?



ஹைதராபாத்தில் கார் வைத்திருக்கும் வீடுகளில், அதிவேகத்துக்கான இ-சலான் போனில் வந்து விழுந்ததும் எழுகிற முதல் கேள்வி, "யார் பார்த்தது?" என்பதுதான். கோபத்தில் கேட்டாலும் கேள்வி நியாயமானது. சட்டமும் அதையேதான் கேட்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவைப் புரட்டிப் பார். "அந்த வண்டி வரம்பை மீறித்தான் போனது" என்று ஒரே ஒரு சாட்சி தன் கருத்தைச் சொன்னால், அதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. அந்தக் கருத்துக்குப் பின்னால் ஒரு கருவியின் அளவு இருக்க வேண்டும் என்கிறது அது. சாலையோரம் நிற்பவர் இருபது வருடம் டிராபிக்கில் ஊறியவராக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. இது நல்ல ஏற்பாடுதான். உறுமிக்கொண்டு வரும் பழைய புல்லட் வேகமாகப் போவதாகத் தோன்றும். சத்தமில்லாத மின்சாரக் கார் அதைவிட வேகமாகப் போனாலும் கண் ஏமாந்துவிடும்.

வேகத்துக்கு அபராதம் என்பது புதிதல்ல. 1896இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்டு என்பவர் மணிக்கு இரண்டு மைல் வரம்புள்ள ஊருக்குள் எட்டு மைல் வேகத்தில் கார் ஓட்டிப் பிடிபட்டார். உலகின் முதல் அதிவேக அபராதம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். துரத்திப் பிடித்த கான்ஸ்டபிள் வந்தது சைக்கிளில்!

இன்றைய போலீஸ்காரர் கையில் இருப்பது லேசர் கன். 150 மீட்டர் தள்ளி வரும் காரின்மீது அது ஒளித்துடிப்பை அனுப்பினால், பட்டுத் திரும்ப ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆகும். அந்த நேரத்தை வைத்துத் தூரம் தெரிந்துவிடும். ஒரு நொடிக்குள்ளேயே இப்படி நூற்றுக்கணக்கான துடிப்புகளை விட்டு, தூரம் எவ்வளவு குறைந்துகொண்டே வருகிறது என்று கணக்கிடுகிறது. 108 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 0.3 நொடியில் 9 மீட்டர் நெருங்கியிருக்கும். ரேடார் வேறு வழியில் வேலை செய்யும்: வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் எவ்வளவு மாறியது என்று பார்க்கும். ரேடார் கற்றை அகலமானது. அதனால் பக்கத்து லேனில் போன லாரியின் வேகம் உன் கார் தலையில் விழ வாய்ப்புண்டு. லேசரில் அந்த ஆபத்து குறைவு.

கருவியைச் சாலைக்கு நேராக வைக்காமல் ஓரத்தில் சாய்வாக வைத்தால் அளவு தப்பாதா? தப்பும், ஆனால் ஓட்டுநருக்குச் சாதகமாக. 20 டிகிரி கோணத்திலிருந்து பார்த்தால் 120 வேகம் 113 என்றுதான் தெரியும். "கோணம் சரியில்லை" என்று வாதாடுகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

சரியான கேள்விகள் வேறு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்ந்தது. அதன்படி வேகக் கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும். கேமரா இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சலானில் நம்பர் பிளேட் தெரியும் படமும், அளந்த வேகமும், தேதி, நேரம், இடமும், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றும் இருக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து ரேடார் கருவிகளையும் சட்டமுறை எடையளவுத் துறை சோதித்து முத்திரையிட வேண்டும். கடைத்தெருத் தராசுக்கு முத்திரை குத்தும் அதே துறைதான்.

தேதியும் முக்கியம். ஹைதராபாத்தைச் சுற்றி 158 கிலோமீட்டர் நீளமுள்ள அவுட்டர் ரிங் ரோட்டில் உச்ச வரம்பு 100ஆக இருந்தது. 2023இல் அதை 120 ஆக்கினார்கள். அந்த வருட ஜூனில் 110இல் போனவர் குற்றவாளி. செப்டம்பரில் அதே 110இல் வேகமான லேனில் போனவர்மேல் வழக்கே இல்லை.

கன் எதுவும் குறிபார்க்காத இடத்தில் என்ன செய்வது? ஹைதராபாத்தின் கச்சிபௌலி பக்கம் பயோடைவர்சிட்டி மேம்பாலம் 2019 நவம்பர் 4 அன்று திறக்கப்பட்டது. 23ஆம் தேதி அதன் வளைவில் ஒரு கார் தடுப்பைத் தாண்டிக் கீழே சாலையில் விழுந்தது. கீழே நின்ற ஒரு பெண் இறந்தார். வரம்பு 40; கார் சுமார் 100 வேகத்தில் வந்ததாகப் போலீஸ் சொன்னது. காட்சி கேமராவில் பதிவாகியிருந்தது.

இத்தகைய வீடியோவிலிருந்து வேகம் எடுப்பது உனக்கும் கைவரும் கணக்குதான். இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே 30 மீட்டர் என்று வைத்துக்கொள். நொடிக்கு 25 பிரேம் ஓடும் கேமராவில் கார் அதைக் கடக்க 27 பிரேம் ஆனால், வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். ஒரு பிரேம் பிசகினால் விடை 96க்கோ 104க்கோ நகரும். ஆகவே எவ்வளவு நீளமான தூரத்தை எடுக்கிறோமோ அவ்வளவு நம்பகம். டயர் இழுத்த கறுப்புத் தடமும் பேசும்: உலர்ந்த தார்ச்சாலையில் 40 மீட்டர் தடம் என்றால், பிரேக் போட்டபோது வேகம் ஏறத்தாழ 84.

ஆனால் வேகம் நிரூபணமானதும் வழக்கு முடிந்துவிடுவதில்லை. அந்த மேம்பாலத்தின் வளைவைப் பற்றியும் கேள்விகள் எழுந்தன. பாலத்தை மூடி, நிபுணர் குழுவை வைத்துப் பார்த்து, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கூட்டி 2020 ஜனவரியில்தான் மறுபடி திறந்தார்கள். வேகமாக ஓட்டினார் என்பதும் அஜாக்கிரதையால் உயிரைப் பறித்தார் என்பதும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். கர்நாடகத்தில் ஒரு லாரி வழக்கில் சாட்சிகள் எல்லோரும் "அதிவேகம்" என்றார்கள்; எவ்வளவு என்று உத்தேசமாகக்கூட யாரும் சொல்லவில்லை. அதிவேகம் என்பது ஆளுக்கு ஆள் மாறும் சொல், அதுமட்டுமே அஜாக்கிரதைக்குச் சான்றாகாது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் ஓட்டுநரின் விடுதலையை உறுதிசெய்தது.

அந்தச் சாட்சிகளிடம் இல்லாத எண், இப்போது பல கார்களின் ஏர்பேக்கை இயக்கும் சிறு பெட்டியிலேயே இருக்கிறது. மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் வேகத்தையும், பிரேக் மிதித்தார்களா என்பதையும் அது குறித்துவைக்கும். அதைப் படிக்கத் தனிக் கருவி வேண்டும்; படித்ததைக் கோர்ட்டில் வைக்க, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.